பத்து மைல் தூரத்து வெளிநாடு



வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அதோடு நிற்காமல், படிப்பின் இடையில் ஏதாவது ஒரு வெளிநாட்டுக்குப் போய் ஓரிரு மாதம் தொண்டு செய்துவிட்டு வரவும் ஆசைப்படுகிறாளாம். "அங்கே பழக்கவழக்கம் வேறு, சாப்பாடு வேறு, மனிதர் வேறு. பிள்ளை திண்டாடிப் போவாளே ராத்தா, அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் இங்கிருந்து அப்படிப் போய் வந்த பிள்ளை யாரையும் எனக்குத் தெரியாது. அங்கிருந்து இங்கே வந்த பிள்ளை ஒருத்தியைத் தெரியும். ஆறு வாரம் என் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2018 ஜூலை மாதம் அவள் பதுளைக்கு வந்தாள். இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவள். தாதியர் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். வயது இருபத்தொன்று. விடுமுறையில் பிள்ளைகளை இப்படிப் பிற நாடுகளுக்கு அனுப்பிவைப்பதற்கென்றே அங்கே நிறுவனங்கள் இருக்கின்றன. தொண்டு என்று பெயர். ஆனால் தொண்டு செய்ய வருபவள்தான் காசு கட்ட வேண்டும்! அவள் கட்டிய தொகையைக் கேட்டு என் கணவர் இரண்டு தரம் "எவ்வளவு?" என்றார். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசு அது.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவள் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கும் சகோதரிகளுக்குத் தெரியும். 1983இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, இரவில் வீட்டை விட்டு நிற்பதா என்று பெரியவாப்பா குதித்ததும், நபிகளார் காலத்தில் காயம்பட்டவர்களுக்குப் பள்ளிவாசலில் கூடாரம் போட்டு மருந்து கட்டிய ருஃபைதா (ரலி) அவர்களைச் சொல்லி வாப்பா அவர் வாயை அடைத்ததும் பழைய கதை. மூத்த மகள் கலியாணம் முடித்துப் போனபின் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. தெரிந்த டாக்டர் ஒருவர் கேட்டார்; ஒத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாட்டில் நின்று பார்ப்பாள். இரண்டு நாள் தோட்டங்களில் நடக்கும் கிளினிக்குகளுக்குப் போவாள். அங்கே அவளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை.

முதல் வாரம் சின்னச் சின்ன விஷயங்களிலேயே போய்விட்டது. வாசலில் செருப்பைக் கழற்ற இரண்டாம் நாளே பழகிக்கொண்டாள். கையால் சாப்பிட ஆசைப்படுவாள். வாய்க்குப் போவதற்குள் பாதி பீங்கானிலும் பாதி மடியிலுமாக விழும். நான் ஒரு கரண்டி கூட வைக்கப் போனால் "போதும், நன்றி" என்பாள். எங்கள் உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தேங்ஸ் தேங்ஸ் எண்டு சொல்லியே இந்தப் பிள்ளை வயித்தக் காயப் போடுது" என்பார். நம் வீடுகளில் 'வேண்டாம்' என்றால் 'இன்னொரு தரம் கேளுங்கள்' என்று பொருள் உண்டல்லவா? அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாட்டில் அவள் பட்ட திகைப்பு வேறு விதம். தலையை இடமும் வலமுமாக அசைத்தால் அவள் ஊரில் 'இல்லை' என்று அர்த்தம். நம்மவர்களோ சரி என்பதற்கும், விளங்கியது என்பதற்கும், விளங்காவிட்டாலும் 'நீங்கள் சொன்னால் சரிதான் மிஸ்ஸி' என்பதற்கும் ஒரே ஆட்டம்தான். அவள் இடதுகைக்காரி, பாவம். மாத்திரையை இடது கையால் நீட்ட, ஒரு வயதான அம்மா அதை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையைத் தூக்கி, என்ன அழகு, என்ன கொழுகொழுப்பு என்று வாய்நிறையப் புகழ்ந்தாள். தாயின் முகம் சுருங்கிப்போனது. நாம் மாஷா அல்லாஹ் சொல்வோம், அவர்கள் கன்னத்தில் கரும்பொட்டு வைப்பார்கள். இரண்டும் இல்லாத வெறும் புகழ்ச்சி என்றால் இங்கே எல்லாருக்கும் பயம். இவற்றையெல்லாம் ஒரு தரம் சொன்னால் போதும், ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வாள்.

எழுதி வைத்து முடிக்க முடியாத கேள்விகளும் இருந்தன. "அந்த மனிதருக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்லாமல் அவர் மகனிடம் சொன்னார்களே, ஏன்? உடம்பு அவருடையதுதானே?" என்று ஓர் இரவு கேட்டாள். முப்பத்தொரு வருடமும் நான் செய்ததும் அதைத்தான். குடும்பம் தாங்கிக்கொள்ளும், நோயாளி தாங்கமாட்டார் என்று பதில் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது பாதிப் பதிலாகத்தான் பட்டது. ஆனால் பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் பிளாஸ்கும் சோற்றுப் பார்சலுமாக ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் முதியோர் இல்லத்தில் வாரக் கணக்கில் யாரும் வந்து எட்டிப் பார்க்காதவர்களைப் பற்றி அவள் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் கிளினிக்கில் ஆள் போதவில்லை. வெள்ளைக்கார மிஸ்ஸி ஊசியைப் போடட்டுமே என்றார் ஒருவர். மாட்டேன் என்றாள். தான் இன்னும் தேறவில்லை, தன் ஊரில் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாததை இங்கே மட்டும் ஏன் செய்யலாம், இங்குள்ள கை கை இல்லையா என்று கேட்டாள். அங்கே நின்ற பலருக்கு ஏமாற்றம். எனக்கு அன்றுதான் அவள்மேல் மரியாதை வந்தது.

இனித் தோட்டத்துக்கு வருவோம்.

பசறைப் பாதையில், பதுளையிலிருந்து பத்து மைலுக்கு மேல் இராது. நமுனுகுலை மலை முகத்துக்கு நேரே நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் ஊவாவில் கச்சான் காற்று அடிக்கும், வறண்ட காற்று. உலகம் முழுவதும் பேர்பெற்ற ஊவாத் தேயிலையின் மணம் அந்தக் காற்றில்தான் உண்டாகிறது. காற்றில் கொழுந்து காய்ந்து குறைந்துவிடும். குறைந்த கொழுந்துக்கு விலை கூட. விலை கூடுவது ஏலத்தில். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கோ, அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ சேராவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். கிளினிக்குக்கு ஒரு காலை நேரத்தைக் கொடுத்தால் அன்றைய பேர் போய்விடும். "தன் பிள்ளையைப் பற்றி இவர்களுக்கு அக்கறையே இல்லையா?" என்று முதல் நாள் வெறுமையாகக் கிடந்த வாங்குகளைப் பார்த்து அவள் கேட்டாள். தோட்டத்து மருத்துவ மாது இந்தக் கணக்கைச் சொன்னதும் அவள் வாயடைத்துப் போனாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கணக்கு அன்றுவரை முழுதாகத் தெரியாது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதுளை பஸாரில் வாப்பாவுக்குப் பிடவைக் கடை இருந்தது. தீபாவளி முற்பணம் கொடுத்ததும் தோட்டத்து ஆட்கள் சேலைக்கும் வேட்டிக்கும் திரண்டு வருவார்கள். சின்னப் பிள்ளையாக நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கடனுக்குக் கொடுத்த கணக்கும், கடைசிச் சதம்வரை அவர்கள் அடைத்த கணக்கும் வாப்பாவின் கொப்பியில் இருக்கும். பிறகு வாட்டில் அவர்களைப் பார்த்தேன், கட்டிலில். அவர்கள் பேசுவது தமிழ், நான் பேசுவதும் தமிழ். ஆனால் அறுபத்து நாலு வயதுவரை ஒரு லயத்துக் காம்பராவுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்த பிள்ளைக்கு அந்த இடம் எவ்வளவு புதிதோ, பத்து மைல் தாண்டிப் போன எனக்கும் அவ்வளவு புதிது. வித்தியாசம் என்னவென்றால், தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். கூட மாமியார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டரை. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் கீழே போனாலே இரத்தச்சோகை என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். "போடுறேங்க" என்று தலையாட்டினாள். போடுகிறாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பிள்ளை மெதுவாக என் காதில், "பதில் சொல்வதற்கு முன் அவள் மாமியாரைப் பார்த்தாளே, ஏன்?" என்றாள். மரியாதை, இங்கே அப்படித்தான், என்றேன்.

ஒரு சொல் தமிழ் தெரியாதவள் கண்ணில் பட்டது, சொற்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து மருத்துவ மாதுவோடு அவர்கள் லயத்துக்குப் போனோம். பின்னேரம், மலையிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம். வெள்ளைத் தோலைக் கண்டதும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் எழுந்து நின்றார்கள். துரைமார் காலத்துப் பழக்கம். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள், ஒருவரும் உட்காரவில்லை. வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார் மாமியார். ஒரு பையன் கடைக்கு ஓடிப்போய் இரண்டு சோடாவும் கிறீம் கிறேக்கர் பக்கெட்டும் கொண்டுவந்தான், கடனுக்கு. அவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்று அவள், "வேண்டாம், நன்றி" என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே! நானோ உடைக்காத சோடாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று மாமியாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

சுவரோரம் ஒரு பால்மா டின். அதற்குப் பின்னால் கொடுத்த மாத்திரையெல்லாம், உறை பிரிக்காமல். அதைக் கண்டவுடன் அந்தப் பிள்ளை கையிலெடுத்து உயர்த்திக் காட்டினாள். கோபத்தில் இல்லை, பயத்தில். "இதைப் போடாவிட்டால் பிரசவத்தில் இரத்தம் போய் நீ செத்துப்போகலாம்" என்றாள். வாசலில் பக்கத்துக் காம்பராப் பெண்கள் கூடி நிற்கிறார்கள். சொல்லும்போது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டும், கூட்டக் குறைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. நானும் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சாவு என்ற சொல்லை, நாலு பேர் முன்னால், விளக்கு வைக்கிற நேரத்தில்! எங்கள் வீட்டில் யாராவது என் மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமியார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பெண் வரவில்லை.

அந்தப் பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் படிப்பில் இதைப் பற்றிப் பாடமே உண்டு என்றாள். அமெரிக்கத் தாதியும் மானிடவியலாளருமான மடலின் லெனிங்கர் 1960களில் நியூகினி மலைநாட்டில் கட்சப் என்ற மக்களோடு தங்கியிருந்து படித்தவர். நோயாளியின் வாழ்க்கை முறையை அறியாமல் பராமரிப்பு இல்லை என்று, அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். அதைப் படித்துத்தான் நம் பழக்கங்களைத் தன் கொப்பியில் எழுதி வந்தாளாம். ஆனால் அவள் சொன்ன இன்னொரு கதைதான் எனக்கு உறைத்தது. 1988இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஒரு கூட்டம். மாவோரி இனத்தைச் சேர்ந்த முதலாம் ஆண்டுத் தாதி மாணவி ஒருத்தி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, ஒழுக்கப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டாள். இரிஹபேத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரித் தாதி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உழைத்தார். 1992இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் அதைப் பயிற்சியில் சேர்த்தது. ராம்ஸ்டன் சொன்னது, நோயாளியின் சடங்குகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவதல்ல. தாதி தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்: நான் யார், என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, என் கூட்டத்தார் இவர்களுக்கு முன்பு என்ன செய்திருக்கிறார்கள் என்று. பாதுகாப்பாக நடத்தப்பட்டேனா என்பதைச் சொல்ல வேண்டியவர் நோயாளிதான், தாதி அல்ல.

"மன்னிப்புக் கேட்க வேண்டும், வருவீர்களா?" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம், வேலையில்லாத நாளாகப் பார்த்து.

மாமியார் வாசலிலேயே எங்களைக் கண்டார். வாங்க என்று சொல்லத் தவறவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை நான் சொல்லிக் கொடுத்தபடி, "அம்மா, நான் பேசுனது பிழை" என்று தமிழில் சொன்னாள். அந்தத் தமிழைக் கேட்டு மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அப்புறம் ரொட்டி வந்தது, இடிசம்பலோடு, சாயத்தண்ணியோடு. அந்தப் பிள்ளை இந்தத் தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் மட்டும் இரண்டு வாழைப்பழம் வைத்தார் மாமியார். "நீங்க சாப்புட மாட்டீங்கன்னு தெரியுங்க. பழம் சாப்புடலாங்களே" என்றார்.

சகோதரிகளே, ரொட்டியில் என்ன இருக்கிறது? கோதுமை மாவு, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். எனக்குத் தடையாக இருந்தது மார்க்கம் இல்லை. வேறொன்று. அதன் பெயரைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நான் எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிடமாட்டேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்தபின் அந்தப் பிள்ளை கேட்டாள்: "அம்மாவுக்கு இந்த மாத்திரையில் என்ன பயம்?" முதலில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்: பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், மலம் கறுப்பாகப் போகிறது என்று. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. ரெண்டாவது பொறந்தப்ப ஆசுபத்திரில ஒரு பேப்பர நீட்டுனாங்க. சிங்களத்துல இருந்துச்சு. கைநாட்டு வச்சேன். ஒடம்புக்கு நல்லதுன்னாங்க. ஐநூறு ரூவா குடுத்தாங்க, கம்பளி வாங்குனோம். மூத்தவன் நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். இன்னொரு புள்ள வேணும்னு போயிக் கேட்டேன். இனிமே ஒனக்கு வராதும்மான்னு அப்பதான் சொன்னாங்க. மிச்சம் இருக்கிறது இவ புருசன் ஒருத்தன்தாங்க. இவ வயித்துல இருக்கிறத நான் எந்த மாத்திரைய நம்பிங்க வுடுறது?"

அந்தப் பிள்ளை, "அவர்கள் உங்களைக் கேட்டுத்தான் செய்தார்களா?" என்றாள். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா அவளையே பார்த்தார். "இத்தன வருசத்துல இதக் கேட்டது இந்தப் புள்ளதாங்க" என்றார்.

1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. நாட்டில் எல்லாருக்கும்தான். ஆனால் தோட்டப் பெண்களிடையே அந்தச் சிகிச்சை மற்ற இடங்களைவிட அதிகமாக நடந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமற்போன மக்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அது முழுதாகத் திரும்பக் கிடைத்தது 2003இல். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். அதற்கு முன் ஓர் ஏழைப் பெண் பிரசவக் கட்டிலில் கிடந்துகொண்டு, தனக்கு விளங்காத மொழியிலிருந்த தாளில் விரலை வைத்தாள். விரும்பிச் செய்துகொண்டவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. விரும்பினார்களா என்று கேட்கப்படாதவர்களும் இருந்தார்கள்.

அவர் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாயிருந்தது. அந்த வருடங்களில் நான் இளம் தாதி. அந்தத் தாள்களை நானும் நீட்டியிருக்கிறேன். 'இங்கே வையுங்கள் அம்மா' என்று விரலைப் பிடித்து மையில் தொட்டு வைத்திருக்கிறேன். வாசித்துக் காட்டினேனா? சில பேருக்குக் காட்டியிருப்பேன். வாட்டு நிறைந்து வழிந்த நாட்களில் காட்டியிருக்கமாட்டேன். தலையாட்டினார்கள், அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை அன்று அங்கே நான் ஆங்கிலத்திலும் சொல்லவில்லை, தமிழிலும் சொல்லவில்லை. இரவு வீட்டுக்கு வந்து, குசினியில் வைத்து அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை.

'தோட்டத்து ஆட்களுக்கு மருந்தில் நம்பிக்கையில்லை, அவர்கள் பழக்கம் அப்படி' என்று எத்தனை தரம் நானே சொல்லியிருப்பேன்! அது பழக்கமில்லை. நடந்ததை மறக்காமல் இருப்பது.

மாத்திரை விஷயம் இப்படி முடிந்தது. இதில் பிள்ளை நிற்காமல் போகாது, இது இரத்தத்துக்கு மட்டும்தான் என்று விளக்கினோம். "அப்ப நீங்க ஒண்ணு போடுங்க பாப்போம்" என்றார் அந்த அம்மா என்னிடம். போட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொட்டியோடும் மாத்திரையோடும் சாயத்தண்ணி குடித்தால் தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அதனால் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும், கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும், மலம் கறுப்பது மாத்திரையின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று சொன்னோம். (நம் வீடுகளிலும் கர்ப்பிணிகள் பிட்டோடு தேத்தண்ணியை வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். இந்த வரியை மட்டுமாவது வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.) படுக்கப் போகும்போது மருமகளுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார் மாமியார்.

அந்தப் பிள்ளை ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் போனாள். போகிற அன்று காலை உம்மா இடியப்பம் வைத்தார். போதும் என்று சொல்லாமல் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். தோட்டத்தில் டிசம்பர் மழையில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ எழுநூறு. தாய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. அதை அவளுக்கு எழுதினேன். பாட்டி எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டு எழுதியிருந்தாள்.

வெலிமடைச் சகோதரிக்கு: மகளை அனுப்பலாம். காசு கட்டுவதற்கு முன், அங்கே யார் அவளை மேற்பார்வை செய்வார்கள், அங்குள்ளவர்கள் அவளைக் கேட்டார்களா, அல்லது நிறுவனம் மட்டும்தான் கேட்கிறதா என்று விசாரியுங்கள். செய்யத் தெரியாததைச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் மகளுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு இன்னும் நாளிருக்கிறது. இதற்கிடையில், அந்தக் கிளினிக்குக்கு நான் இப்போதும் மாதமொரு தரம் போய்வருகிறேன். அடுத்தது வரும் மாதம் இரண்டாம் செவ்வாய். முதல் நாளே மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். காலை ஆறரைக்குப் பசறை பஸ் எடுக்க வேண்டும். பகல் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட வேண்டாம். அங்கே தருவார்கள்.